முதல் முப்பது நாள்தான் கண்டம்! வீட்டு மண்புழுத் தொட்டியைக் காப்பாற்றும் வழிகள்

கொல்லைப்புறத்தில் ஒரு மண்புழுத் தொட்டி வைக்க வேண்டும் என்ற ஆசை இன்று பல வீடுகளில் வந்துவிட்டது. ஆசை வந்த அன்றைக்கே ஒரு கிலோ புழுவும் வந்துவிடுகிறது. காலையில் கறந்த மாட்டின் சாணத்தைத் தொட்டியில் கொட்டி, அதன்மேல் புழுவை விட்டு, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். விடிந்து பார்த்தால், பாதிப் புழு தொட்டியின் விளிம்பில் ஏறி நிற்கிறது. மீதிப் புழு சாணத்துக்குள் வெந்து கிடக்கிறது. தொட்டியின் காலடியில் எறும்பு வரிசை. 'நமக்கு ராசி இல்லை' என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, அதில் செம்பருத்தி நட்டுவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புழு வருவதற்கு முன் அதன் படுக்கை தயாராக இல்லை, அவ்வளவுதான். வீட்டு மண்புழுத் தொட்டிகளில் பெரும்பாலானவை தோற்பது முதல் மாதத்தில்தான். அந்த ஒரு மாதத்தைக் கடத்திவிட்டால், பிறகு தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அதற்குத் தேவை அதிகப் பணமோ, விலை உயர்ந்த பெட்டியோ அல்ல. 15 நாள் பொறுமையும், கையில் கொஞ்சம் சிக்கனமும்தான்.

எந்தப் புழு?

தோட்டத்தைக் கொத்தும்போது வருகிற புழுவையெல்லாம் பொறுக்கித் தொட்டியில் போடுவது முதல் தவறு. மண்புழுக்களில் மூன்று விதம் உண்டு. மண்ணின் மேல்பரப்பில் சருகு, சாணம் ஆகியவற்றுக்குள் வாழ்பவை ஒரு விதம். மேல்மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் துளைத்து, மண்ணைத் தின்று வாழ்பவை இரண்டாவது விதம். ஆழமாகத் துளை போட்டு, இரவில் மேலே வந்து சருகை இழுத்துச் செல்பவை மூன்றாவது விதம். கழிவை உரமாக்கும் தொட்டிக்கு ஏற்றவை மேல்பரப்பில் வாழும் புழுக்கள்தான்.

இவற்றில் நம் பகுதியில் அதிகம் கிடைப்பவை மூன்று. யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழு பருமனானது, வேகமாகத் தின்னும், நம் ஊர் வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஐசீனியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுவுக்கு உடலில் மஞ்சள் வரிகள் இருக்கும். இது குளிர்ந்த இடத்தில் சிறப்பாக வளரும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் நாட்டுப் புழு, மெலிந்தது, வெளிச்சத்தில் நீலம் கலந்த பளபளப்புத் தெரியும். உள்நாட்டுப் புழுக்களையே பயன்படுத்த வேண்டும் என்று நீண்ட காலமாக வலியுறுத்தி வருபவர் சென்னையைச் சேர்ந்த மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில். அவருடைய முறையில் தொட்டிக்குள் ஓர் அடுக்கு மண்ணும் உண்டு. ஆழத்தில் வாழும் நாட்டுப் புழுவும் அதில் தங்கிக்கொள்ளும்.

மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் புழு கிடைக்கும் இடத்தைச் சொல்வார்கள். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் விவசாயியிடம் பழைய படுக்கையோடு ஒரு கூடை வாங்கி வருவது இன்னும் நல்லது. புழு, குஞ்சு, முட்டைக்கூடு, அவற்றுக்குப் பழகிய நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

இடமும் தொட்டியும்

காலை வெயில்கூட நேராகப் படாத, காற்றோட்டமான, மழைத் தண்ணீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும். மரநிழல், மாட்டுக் கொட்டகையின் ஓரம், படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடம் எல்லாம் ஏற்றவை. மொட்டை மாடி என்றால் கீற்றுப் பந்தல் கட்டாயம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மண்புழுக்களைப் பற்றி 1881-ல் தனி நூலே எழுதிய சார்லஸ் டார்வின், புழுக்கள் இருந்த மண்சட்டியைப் பியானோவின் மேல் வைத்துச் சோதித்தார். புழுக்களுக்குக் காது கிடையாது. ஆனால், பியானோவின் கட்டையை அழுத்தியதும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடிவிட்டன. ஆகவே மோட்டார், வாஷிங் மெஷின் போன்று அதிர்கின்ற பொருள்களின் பக்கத்தில் தொட்டியை வைக்க வேண்டாம்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஒன்று தொடங்குவதற்குப் போதும். பிளாஸ்டிக் டப்பா, மரப்பெட்டி, அகலமான மண்தொட்டி என எதுவும் ஆகும். புழுக்கள் மேல்பகுதியில்தான் தின்னும் என்பதால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஏழெட்டுத் துளைகள் போட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டை விரிக்க வேண்டும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, வடியும் நீரைப் பிடிக்க ஒரு தட்டு வைக்கலாம்.

பூச்சிமருந்து வந்த டிரம், கேன் எதையும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், பயன்படுத்தக் கூடாது. புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டி, சிமென்ட் உறை ஆகியவற்றில் காரத்தன்மை இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் நிரப்பி, அவ்வப்போது மாற்றிய பிறகே புழு விட வேண்டும்.

படுக்கை: புழு வருவதற்கு 15 நாள் முன்பே

தொட்டியின் அடியில் 2 அங்குலம் உடைந்த செங்கல் அல்லது கூழாங்கல். அதன்மேல் 1 அங்குலம் பருமணல். இவை நீர் வடிவதற்காக. மணலுக்கு மேல் 3 அங்குலம் தென்னை நார்க்கழிவு அல்லது நறுக்கிய வைக்கோல், காய்ந்த சருகு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் போட்டால் அதில் உள்ள உப்பு போய்விடும். அதற்கும் மேலே 4 அங்குலம் பழைய சாணம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பச்சைச் சாணம் மக்கும்போது சூடு கிளம்பும். அமோனியா வாயுவும் வரும். தோலால் சுவாசிக்கும் புழுவுக்கு இரண்டுமே ஆகாது. சாணத்தை நிழலில் பரப்பி, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். 15 முதல் 20 நாளில் சூடு அடங்கி, சாண வாடை போய், மண் வாசனை வரும். அப்போதுதான் அது படுக்கைக்கு ஆகும்.

மாட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருந்தால், அடுத்த இரண்டு மூன்று வாரச் சாணத்தைத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. மாட்டின் வயிற்றுப் புழுவைக் கொல்கிற மருந்தின் மிச்சம் சாணத்தோடு வெளியேறும், மண்புழுவையும் பாதிக்கும். வெளியே சாணம் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

படுக்கை தயாரா என்று அறிய ஒரு வழி உண்டு. படுக்கைக்குள் மணிக்கட்டு வரை கையை நுழைத்து, ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். கதகதப்பாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கவும். குளிர்ச்சியாக இருந்தால் மாலையில் பத்துப் புழுவை மட்டும் மேலே விட்டுப் பார்க்கவும். மறுநாள் காலையில் பத்தும் உள்ளே சென்று சுறுசுறுப்பாக இருந்தால் மற்றவற்றையும் விடலாம். பத்துப் புழு போனால் நஷ்டம் பெரிதல்ல. ஒரு கிலோ போனால் மனமே விட்டுப் போகும்.

புழு விடும் நாள்

இந்த அளவுத் தொட்டிக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ புழு போதும். மாலையில், படுக்கையின் மேல் பரப்பிவிட்டால் தானாக உள்ளே போய்விடும். குழி தோண்டிப் புதைக்க வேண்டாம். இடம் மாறிய புழுக்கள் முதல் இரண்டு மூன்று இரவுகள் தப்பிக்கப் பார்ப்பது இயல்பு. வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது. எனவே அந்த இரவுகளில் தொட்டிக்கு மேலே ஒரு விளக்கை எரியவிட்டால் வெளியே வராது. பிறகு ஈரச் சாக்கால் மூடிவிடலாம்.

தீனி: கை சுருங்கட்டும்

புழுக்கள் நல்ல நிலையில் இருந்தால் ஒரு நாளில் தங்கள் எடையில் பாதி அளவுக்குத் தின்னும் என்பது பொதுவான கணக்கு. ஆனால், இது நன்றாகப் பழகிய தொட்டிக்கு உரியது. முதல் மாதத்தில் அந்தக் கணக்கை நம்பிக் கொட்டினால் தீனி அழுகி, படுக்கை சூடாகி, எல்லாம் கெட்டுவிடும். கால் கிலோ புழுவுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி போதும். போட்டது பாதிக்கு மேல் மறைந்த பிறகே அடுத்த தீனி. மறையவில்லை என்றால் எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்க வேண்டும். படுக்கையில் பழைய சாணம் இருப்பதால் புழு பட்டினி கிடக்காது.

அப்படியென்றால், வீட்டில் தினமும் சேரும் மற்றக் கழிவை என்ன செய்வது? பக்கத்தில் ஒரு பழைய வாளியில் காய்ந்த சருகையும் காய்கறிக் கழிவையும் மாற்றி மாற்றி அடுக்கி மூடிவைக்கலாம். காற்றுக்காக வாளியில் நாலைந்து துளைகள் வேண்டும். இரண்டு வாரத்தில் பாதி மக்கிய அந்தக் கழிவைப் புழு விரும்பித் தின்னும். புழுவுக்குப் பல் கிடையாது. மென்மையாகி, நுண்ணுயிர் படிந்த உணவைத்தான் அதனால் விழுங்க முடியும்.

போடலாம்: காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், டீத்தூள், காபிச் சக்கை, வாடிய பூ, கிழித்த செய்தித்தாள், பொடித்த முட்டை ஓடு. எல்லாவற்றையும் சிறிதாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் உரமாகும்.

போடக் கூடாது: உப்புப் போட்ட சாதம், குழம்பு, ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, மீன், பால், தயிர், பச்சை மிளகாய், பளபளப்பான வண்ணக் காகிதம். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், வெங்காயம், பூண்டு ஆகியவை மிகக் குறைவாக இருக்கட்டும். வேப்பிலையைத் தவிர்ப்பது நல்லது.

தீனியைப் பரப்பிக் கொட்டாமல், ஒரு மூலையில் படுக்கையை லேசாக விலக்கி வைத்து, மேலே மூட வேண்டும். அடுத்த முறை அடுத்த மூலை. பிடிக்காத தீனி விழுந்தாலும் புழு ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும். ஈயும் வராது.

ஈரம், காற்று, வெயில்

படுக்கையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால், விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். ஒரு சொட்டும் வராமல் உதிர்ந்தால் குறைவு. தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரோ, வேறு நல்ல தண்ணீரோதான் வேண்டும்.

படுக்கையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் புழு நன்றாகப் பெருகும். 35 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. அக்னி நட்சத்திர நாள்களில் காலை, மாலை இரண்டு வேளையும் சாக்கை நனைத்துப் போட வேண்டும். தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஏனெனில் மக்கும் தீனியும் சூட்டைக் கிளப்பும். வடகிழக்குப் பருவமழையில் கவலை நேர்மாறானது. வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று வாரம் ஒரு முறை குச்சி விட்டுப் பார்க்க வேண்டும்.

எறும்பு வராமல் இருக்கத் தொட்டியை நான்கு கால் உள்ள தாங்கியில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதே நல்ல வழி. எறும்புப் பொடியைத் தொட்டிக்கு அருகில் தூவினால் புழுவுக்கும் அது எமன்தான். கோழி, எலி, பல்லி, தவளை எல்லாமே மண்புழுவை விரும்பித் தின்பவை. கம்பி வலை மூடி இருந்தால் இந்தக் கவலை இல்லை.

தொட்டி சொல்லும் சேதி

நல்ல தொட்டியில் முதல் மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும். வேறு வாடை வந்தால் காரணம் இருக்கும்.

அழுகிய முட்டை நாற்றம்: தண்ணீர் அதிகம், காற்று இல்லை. தீனியை நிறுத்தி, காய்ந்த சருகு அல்லது நார்க்கழிவு கலந்து, கையால் மெதுவாகக் கிளறிவிட வேண்டும். மண்வெட்டி வேண்டாம்.

மூக்கில் ஏறும் அமோனியா நெடி: பச்சைச் சாணமோ, பயறு, புண்ணாக்கு போன்ற புரதம் மிகுந்த பொருளோ அதிகமாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு, கிழித்த செய்தித்தாள், சருகு சேர்க்க வேண்டும்.

புழுக்கள் கூட்டமாக விளிம்பில் ஏறுதல்: படுக்கை சூடாகவோ, புளித்தோ, நீர் தேங்கியோ இருக்கிறது. தாமதிக்காமல் பழைய படுக்கை உள்ள வேறு பாத்திரத்துக்கு அவற்றை மாற்ற வேண்டும்.

நூல் போன்ற சிறு வெள்ளைப் புழுக்கள்: படுக்கை புளித்திருக்கிறது. பொடித்த முட்டை ஓட்டைத் தூவ வேண்டும். சுண்ணாம்பு போடக் கூடாது. காரம் புழுவைச் சுடும்.

அறுவடை

45 முதல் 60 நாளில் மேல்பகுதி கறுத்து, டீத்தூள் போலக் குருணை குருணையாக மாறும். நான்கைந்து நாள் தண்ணீர் தெளிப்பதையும் தீனியையும் நிறுத்த வேண்டும். ஈரத்தைத் தேடிப் புழு கீழே இறங்கும். மேலே உள்ள உரத்தை வழித்து, வெளிச்சத்தில் சாக்கின் மேல் கூம்பாகக் குவித்தால், மீதிப் புழுவும் அடியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சலித்துக்கொள்ளலாம்.

சலித்த உரத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, எலுமிச்சை வடிவில், பழுப்பு நிறத்தில் முட்டைக்கூடுகள் தெரியும். அடுத்த தலைமுறை அதுதான். உரத்தை நிழலில் ஈரம் குறையாமல் மூன்று வாரம் வைத்திருந்து, நடுவில் ஓர் உருண்டை பழைய சாணமோ, வாழைப்பழத் தோலோ வைத்தால், பொரித்த குஞ்சுகள் அதில் வந்து கூடும். அப்படியே எடுத்துத் தொட்டியில் விடலாம். உரத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது. அதிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இறந்துவிடும்.

கணக்கும் கவனமும்

மண்புழு உரத்தில் தழைச்சத்து பொதுவாக 1 முதல் 1.5 சதவிகிதம் இருக்கும். போட்ட தீனியைப் பொறுத்து மாறும். சத்தின் அளவைவிட, மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து, நுண்ணுயிரைப் பெருக்குவதில்தான் அதன் பெருமை. பூந்தொட்டிக்கு மாதம் ஒரு கைப்பிடி, நாற்றுக் கலவையில் நான்கில் ஒரு பங்கு என்று போட்டால் போதும்.

காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். 10 கிலோ போட்டால் 10 கிலோ உரம் வராது; கால் பங்குக்கும் குறைவாகவே வரும். ஏக்கருக்கு 2 டன் என்பது வயலுக்கான பொதுப் பரிந்துரை. வீட்டுத் தொட்டி அதை எட்டாது. வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம், நாற்றங்கால் ஆகியவற்றுக்கே அது. ஆனால், வயலுக்குப் பெரிய தொட்டி கட்ட நினைப்பவர், இந்தச் சின்னத் தொட்டியில் ஓர் ஆண்டு கை பழகினால், பெரிய தொட்டியில் பெரிய நஷ்டம் வராது. 'புழுவை வளர்த்துக் கொடுங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று முன்பணம் கேட்பவர்களிடம் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். புழு தானாகப் பெருகும் பொருள். கால் கிலோவை அரை கிலோவாக்க இரண்டு மூன்று மாதப் பொறுமையே முதலீடு.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: ஆண் புழு, பெண் புழு என்று பார்த்து வாங்க வேண்டுமா?
பதில்: தேவையில்லை. ஒவ்வொரு புழுவிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஆனாலும் இரண்டு புழு சேர்ந்தால்தான் இனப்பெருக்கம் நடக்கும். உடலில் மோதிரம் போன்ற பட்டை தெரிந்தால் அது வளர்ந்த புழு. அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கினால் போதும்.

கேள்வி: தொட்டியின் அடியில் வடியும் தண்ணீரை இலையில் தெளிக்கலாமா?
பதில்: அதையும் மண்புழுக் குளியல் நீரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குளியல் நீர் என்பது மக்கி முடிந்த படுக்கையில், நிறையப் புழு உள்ள நிலையில், நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு எடுப்பது. தீனி பாதி அழுகிய தொட்டியில் வடிவது வெறும் கழிவுநீர். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மரங்கள், பூச்செடிகளின் வேரடி மண்ணில் ஊற்றலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரை, மல்லித்தழைக்கு வேண்டாம்.

கேள்வி: புழுவை வெட்டினால் இரண்டாகுமாமே?
பதில்: ஆகாது. வால்பகுதி சிறிது அறுபட்டால் தலைப்பகுதி பிழைக்க வாய்ப்புண்டு. இரண்டு துண்டும் இரண்டு புழுவாகாது. அதனால்தான் தொட்டியில் மண்வெட்டி வேண்டாம் என்பது.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போனால் புழு என்ன ஆகும்?
பதில்: ஒன்றும் ஆகாது. கிளம்பும் முன் ஒரு மூலையில் பழைய சாணம் இரண்டு கைப்பிடி வைத்து, ஈரம் பார்த்து, நனைத்த சாக்கை இரண்டாக மடித்து மூடினால் போதும். பத்து நாளுக்கான காய்கறிக் கழிவை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போவதுதான் ஆபத்து. கோடையில் மட்டும், பக்கத்து வீட்டில் சொல்லிச் சாக்கை நனைக்க வைக்க வேண்டும்.

கேள்வி: முதல் முறை எல்லாப் புழுவும் செத்துவிட்டது. அதே தொட்டியில் மறுபடி விடலாமா?
பதில்: விடலாம். பழைய படுக்கையை வெளியே கொட்டி, நிழலில் பரப்பி, சருகு கலந்து 15 நாள் மக்கவிடவும். தொட்டியை வெறும் தண்ணீரில் கழுவவும். சூடும் நாற்றமும் அடங்கிய பின் அதே படுக்கையைத் திரும்பப் போட்டு, பத்துப் புழுவை விட்டுப் பார்க்கவும். பழைய படுக்கையில் தப்பிய முட்டைக்கூடுகள் இருந்தால், நீங்கள் புதுப் புழு வாங்குவதற்குள் குஞ்சுகளே வெளியே வந்து நிற்கலாம்.